பெற்றுக்கொண்டவர்

"தொலைஞ்சு போச்செண்டு போட்டுக் கையெழுத்து வையுங்கோ அம்மா. அஞ்சு நிமிசத்திலை புதுப் புத்தகம் தாறன்."

"தொலையேல்லையே தம்பி. அந்தா கிடக்குது."

கமலாசனியம்மா விரலை நீட்டினார். முகாமையாளர் சுதாகரன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டியை அந்த இடத்தில் வைப்பித்ததே அவர்தான்.

வங்கியின் கிளிநொச்சிக் கிளைக்கு ஐம்பது வயதான விழா முடிந்து மூன்று வாரம். கட்டிய வாழைமரத்தை மாடு தின்றுவிட்டது. சுவரில் 'நாம் கடந்து வந்த பாதை' மட்டும் இன்னும் இருக்கிறது.

பாதையின் முதல் படத்தில் கோட்டுப் போட்ட நாலு பேர் நாடா வெட்டுகிறார்கள். கடைசிப் படத்தில் வேறு நாலு கோட்டுக்காரர் நாடா வெட்டுகிறார்கள். நடுவில், சண்டைக் காலத்தில் கிளையும் சனத்தோடு சனமாய் ஊர் ஊராக ஓடி, கடைசியில் பேரேடும் இல்லாமல் பெட்டகமும் இல்லாமல் நின்ற கதைக்கு ஒற்றை வரி: 'தவிர்க்க முடியாத காரணங்களால் கிளை சிறிது காலம் இயங்கவில்லை.'

அந்த ஒற்றை வரிக்குக் கீழேதான் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் கமலாசனியம்மாவின் வங்கிப் புத்தகம்.

தண்ணீர் குடித்து ஊதிப்போன புத்தகம். ஊரான கண்டாவளையிலிருந்து கடற்கரை வரை, பிறகு செட்டிகுளம் அகதி முகாம் வரை, பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகப்பட்டுப் போன புத்தகம். கீழே மூன்று மொழியிலும் 'நம்பிக்கை' என்று எழுதியிருக்கிறது.

தலைமையகத்திலிருந்து வந்த பெரியவர் அதன் முன்னால் நின்று கண் கலங்கினார் என்று சுதாகரன் சொல்லித் திரிகிறார். தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தவர் சொல்வது வேறு: ஏசிக் காற்று நேரே முகத்தில் அடித்ததாம்.

கலங்கிய பெரியவர் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார். பாதுகாப்புக்காம்.

ஒரு கடிதம் போட்டால் சாவி வரும். ஆனால் அந்தப் பெட்டியின் பேரில் சுதாகரனுக்கு விருது ஒன்றும், விருதின் பேரில் யாழ்ப்பாணத்துக்கு மாற்றமும் வரப்போவதாக ஊரில் கதை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே யாழ்ப்பாணத்து வீட்டுக்கு பஸ் பிடிக்க வெளிக்கிடுகிற மனிதர், தானாகப் போய் அந்தப் பெட்டியில் கை வைப்பாரா?

கமலாசனியம்மாவுக்கு வயல் கிணற்று மோட்டர் எரிந்து நாலு நாள். கதிர் தள்ளக் காத்துக் குடலைப் பருவத்தில் நிற்கிற நெல் இன்னும் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் மாட்டுக்குத்தான். புது மோட்டருக்கான காசு இதே கிளையில், அவர் பேரில்தான் கிடக்கிறது. புத்தகத்தைக் காட்டினால் எடுக்கலாம். புத்தகத்தை ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. கவுண்டரில் மட்டும்தான் காட்ட முடியவில்லை.

அதற்குத்தான் சுதாகரன் இந்தப் படிவத்தை நீட்டுகிறார். தொலைந்துவிட்டது என்று எழுதினால் புதுப் புத்தகம், காசு, மோட்டர், தண்ணீர். பத்தடி தூரத்தில் கிடப்பதைத் தொலைந்ததென்று எழுத மனுசிக்குக் கை வரவில்லை.

மனுசி தொடக்கத்திலேயே ஒருமாதிரித்தான் என்பாள் கவுண்டரில் இருக்கும் சிவதர்சினி.

விழா முடியத் திருப்பித் தருவதாகச் சொல்லிச் சுதாகரன் புத்தகத்தைக் கேட்ட அன்று, நீட்டிய கை புத்தகத்தை விடவில்லை. ஒரு நுனி சுதாகரன் கையில், மறு நுனி கமலாசனியம்மா கையில். அப்படியே நின்று சுதாகரனின் முழுப்பேரைக் கேட்டார். தகப்பன் பேரைக் கேட்டார். ஊரைக் கேட்டார். மற்றக் கையால் எல்லாவற்றையும் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, சரிதானே என்று கேட்ட பிறகுதான் விட்டார்.

கலியாணத் தரகர்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார் என்று சிவதர்சினி சொல்ல, கிளை முழுக்கச் சிரித்தது. சுதாகரனும் சிரித்தார். அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

இப்போது பின்னால் வரிசை நெளிந்தது.

"போட்டு விடணை அக்கா. ஒரு சொல்லுத்தானே," என்றது வரிசையில் ஒரு குரல்.

கமலாசனியம்மா பேனாவை எடுத்தார். சுதாகரனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எழுதத் தொடங்கியவர் எங்கும் நிறுத்தவில்லை, ஒரு எழுத்தையும் வெட்டவில்லை. அரசாங்கக் கந்தோர் எழுதுவினைஞர் மாதிரி விறுவிறென்று எழுதிப் படிவத்தைத் திருப்பி வைத்தார்.

'தொலையவில்லை. நானே என் கையால் ஒப்படைத்தேன். திருப்பித் தருவதாகச் சொல்லப்பட்டது. பெற்றுக்கொண்டவர்: முத்துலிங்கம் சுதாகரன், கொக்குவில்.'

சுதாகரனுக்குக் கோபத்துக்கு முன்னால் சிரிப்பு வந்தது.

"உப்பிடி எழுத ஆரம்மா உங்களுக்குப் பழக்கினது?"

கமலாசனியம்மா பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து, படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார். படியெடுத்ததையே திரும்பத் திரும்பப் படியெடுத்து எழுத்து மங்கிய தாள். ஓரமெல்லாம் கந்தோர்களின் முத்திரைகள்.

அதே கையெழுத்து. கிட்டத்தட்ட அதே வசனம்.

'காணாமற் போகவில்லை. நானே என் கையால் ஒப்படைத்தேன். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லப்பட்டது. 2009 மே, வட்டுவாகல் பாலத்தடி இராணுவச் சோதனைச்சாவடி. மகன் நிரோஜன், வயது பத்தொன்பது.'

அதற்குக் கீழே, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில், வெறும் கோடு.

"அண்டைக்குப் பேர் கேட்க மறந்துபோனன், தம்பி," என்றார் கமலாசனியம்மா.