செங்கல் சிவப்பு

சுடர் பச்சையாக எரிந்தது.

செங்கல் சிவப்பில் எரிய வேண்டிய சுடர்.

டீச்சர் கிட்டே வந்தாள். முத்துப்பேச்சியின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி இன்னொரு தடவை பார்த்தாள். அந்தப் பெண் மறுபடியும் உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டினாள்.

மறுபடியும் பச்சை.

சிவப்பென்றால் கால்சியம். பச்சையென்றால் பேரியம். பன்னிரண்டாம் வகுப்புக்கு இத்தனை வருஷமாக வேதியியல் நடத்தும் செண்பகவல்லி டீச்சருக்கு இதில் சந்தேகம் வர வழியே இல்லை.

செய்முறைத் தேர்வுக்கு நேற்று உப்புகளைப் பொட்டலம் கட்டியது அவள்தான். இரண்டு புட்டியும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் வெள்ளைப் பொடி. யாரோ பேச்சுக் கொடுத்தார்கள். கை மாறிவிட்டது. மூன்றாம் எண் பொட்டலம் அத்தனையிலும் கால்சியத்துக்குப் பதில் பேரியம்.

தப்பு நடக்கிறதுதான். போய், "சார், மூணாம் நம்பர் உப்பு மாறிப் போச்சு" என்று தேர்வாளரிடம் சொன்னால் தீர்ந்தது.

சொல்ல முடியாது. அங்கேதான் வினையே.

மூன்றாம் எண் கிடைத்த பிள்ளைகள் எல்லார் காதிலும் தேர்வு தொடங்கியதுமே "கால்சியம்" என்று சொல்லியாயிற்று. விளக்கைச் சரிசெய்கிற சாக்கில் குனிவாள், சொல்வாள், நகர்ந்துவிடுவாள். வெளியூர்ப் பள்ளியிலிருந்து வரும் தேர்வாளர் அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பி டீ குடிப்பார். அவருடைய பள்ளிக்கு இவள் தேர்வாளராகப் போகும்போது இவள் டீ குடிப்பாள். ஊர் உலகத்தில் எல்லாரும் செய்கிறதுதானே. ஏழைப் பிள்ளைகள், ரெண்டு மார்க் கூட வந்தால் யார் குடி முழுகிவிடும்? அவள் மனதார நம்பித்தான் செய்தாள்.

காதில் வாங்கிய பிள்ளைகள் சோதனை செய்யவில்லை. எதற்குச் செய்ய வேண்டும்? மனப்பாடம் பண்ணியதை வரி பிசகாமல் எழுதினார்கள். சுடரில் காட்டினேன், செங்கல் சிவப்பு தெரிந்தது. ஒருத்தி பாக்கியில்லாமல் அதே சிவப்பு.

முத்துப்பேச்சி காதிலும்தான் சொன்னாள். அவளும் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு விளக்கைப் பற்றவைத்துவிட்டாள்.

பாவி மகள்.

டீச்சர் மறுபடி குனிந்தாள். இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தியே சொன்னாள்.

"பச்சையால்லா எரியுது டீச்சர்," என்றாள் முத்துப்பேச்சி, மெதுவாக.

உப்பு மாறியது என்று வாயைத் திறந்தால், பச்சைச் சுடரைப் பார்த்து இத்தனை பேரும் எப்படிச் சிவப்பென்று எழுதினார்கள் என்ற கேள்வி வரும். பிள்ளைகள் மாட்டுவார்கள். டீ குடித்தவர் மாட்டுவார். அவள் வேலை போகும்.

திறக்காவிட்டால், உள்ளதை உள்ளபடி எழுதிய ஒருத்திக்கு மட்டும் மார்க் போகும். கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்படுகிற பெண். அரை மார்க்கில் இடம் கைநழுவிப் போகும் படிப்பு.

பள்ளியில் நேர்மை மன்றம் ஆரம்பித்தவளே அவள்தான். முத்துப்பேச்சியை அதற்குத் தலைவியாகப் போட்டவளும் அவள்தான். ஊழல் ஒழிப்பு வாரத்தில், மைதானத்து வெயிலில், அந்தப் பெண் சொல்லச் சொல்ல மொத்தப் பள்ளியும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தது. டீச்சரும் நீட்டியிருந்தாள். இப்போது நினைக்கக் கூசியது.

மணி அடித்தது.

தாள்கள் தேர்வாளர் மேசைக்குப் போயின. அவர் மளமளவென்று திருத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பேனா நின்றது.

டீச்சர் எட்டிப் பார்த்தாள், முத்துப்பேச்சியின் தாள்.

"என்ன டீச்சர், இந்தப் பிள்ள மட்டும் பேரியம்னு எழுதியிருக்கு. நல்லாப் படிக்கிற பிள்ளையா?"

"ஃபர்ஸ்ட் ராங்க் சார்."

"அப்போ பதட்டத்துல எழுதியிருக்கும், பாவம். கூப்பிடுங்க, மாத்திக் குடுக்கட்டும்."

நல்ல மனுஷர். யாருடைய மார்க்கும் போகாது, யாருடைய வேலையும் போகாது. போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. அப்படி வந்ததே வெட்கமாகவும் இருந்தது.

முத்துப்பேச்சி வந்து நின்றாள். தேர்வாளர் தாளை அவள் பக்கம் நகர்த்தி, தன் பேனாவையே நீட்டினார். முடிவைக் கால்சியம் என்று மாற்றச் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெண் பேனாவை வாங்கவில்லை. டீச்சரைப் பார்த்தாள்.

இப்போதுகூடச் சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். பொட்டலம் கட்டினது நான்தான் சார் என்று.

"எழுதும்மா," என்றாள்.

முத்துப்பேச்சி உட்கார்ந்தாள். முடிவு என்ற இடத்தில் பேரியத்தை ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் கால்சியம் என்று எழுதினாள். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தேவலாம் என்றிருந்தது டீச்சருக்கு.

பிறகு பேனா மேலே போய், சுடரைப் பற்றி எழுதியிருந்த வரியில் நின்றது.

"நான் பாத்ததையும் மாத்தணுமா டீச்சர்?"

கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்பாளே, அப்படித்தான் கேட்டாள்.