உறுமாத வண்டி

பல் டாக்டர் தன் ஸ்போர்ட்ஸ் காரின் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, மோட்டாரும் பேட்டரியும் பொருத்தக் கிளம்பியதும் வீடே எதிர்த்தது.

“அந்த உறுமல்தாங்க வண்டிக்கே அழகு,” என்றாள் மனைவி.

“தெருமுனையில திரும்பும்போதே இங்க கேக்கும்பா. என்ன கம்பீரம்,” என்றாள் மகள்.

“இன்ஜின்ல கை வச்சே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்,” என்றார் அப்பா.

வண்டி மேல் இவ்வளவு பாசமா என்று டாக்டருக்கே நெஞ்சு இளகியது. ஆனாலும் விடவில்லை. ஷெட்டே கதியென்று கிடந்து வேலையை முடித்தார்.

முதல் ஓட்டம் போய்விட்டு, பூனை மாதிரி வந்து வாசலில் நிறுத்தி, பெருமையோடு உள்ளே நுழைந்தார்.

இனிப்பே நுழையக்கூடாதென்று அவர் சட்டம் போட்டிருந்த வீட்டில், மனைவி கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் மடியில் ஐஸ்கிரீம் டப்பா. அப்பாவின் வாய் நிறைய சாக்லேட்.

நிதானமாக மென்று விழுங்கிவிட்டு அப்பா சொன்னார்: “சத்தமில்லாத வண்டி வேணாம்னு அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னோம், கேட்டியா?”