ஆ காட்டு

"சார், நீங்களே வந்து பாருங்க. ஒவ்வொரு புள்ள வாயையும் மோந்து பாத்துக்கினு நிக்கறா. இவ இன்னா நாயா?"

கரும்புக் கொல்லைக்காரர் செல்லமுத்து சத்தம் போட்டுக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குள் வந்தார்.

தலைமையாசிரியர் அரங்கநாதன் சத்துணவுக் கூடத்துக்குப் போனார். புகார் பொய்யில்லை. சமையல்காரி காசியம்மாள் வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் குனிந்து, "ஆ காட்டு கண்ணு" என்று மோந்து பார்த்தாள். சிலரை உட்கார வைத்தாள். சிலரைப் பின்னுக்கு நகர்த்தினாள்.

இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலின் ஐந்தாம் நாள் அது. வழியெல்லாம் மரம் வெட்டிக் கிடந்தது. சின்னசேலத்திலிருந்து அரிசி வண்டி வரவில்லை. கூலி வேலையும் இல்லை. அரங்கநாதனும் மணலூர்பேட்டையில் இருக்கும் வீட்டுக்குப் போக வழியில்லாமல் பள்ளிக்கூடத்திலேயே தங்கியிருந்தார். ஊரில் இருந்த ஒரே டீக்கடையும் முந்தாநாளே மூடிவிட்டது.

"எம் பேரனைக் கடைசியில தள்ளிட்டா சார். அவ காலனிப் புள்ளைங்க முன்னால. இருக்கற சண்டை போதாதுன்னு சாதிய மோந்து பாக்கறா. இவளை வேலைய வுட்டு எடுக்கச் சொல்லி எழுதுங்க. நான் கையெழுத்து போடறேன்."

அரங்கநாதன் பேனாவை எடுத்தார்.

"இன்னா பழக்கம் காசியம்மா இது? பதில் சொல்லு. இல்லன்னா எழுதத்தான் வேணும்."

"மெதுவாப் பேசுங்க சார், புள்ளைங்க காதுல வுழப்போவுது." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "சோறு பாதிப் பேருக்குத்தான் வரும். எது ராத்திரியிலருந்து பட்டினின்னு பாத்துக்கினு இருந்தேன்."

"கேட்டா சொல்லிடுமே."

"சொல்லாதுங்க. வெக்கம். வெறும் வயிறாக் கெடந்தா வாயில அழுவப்போற பழம் மாதிரி ஒரு வாடை வரும். எங்க வூட்ல அடுப்பு எரியாத நாள்ல எம் புள்ளைங்ககிட்ட மோந்தது."

"கதை வுடறா," என்றார் செல்லமுத்து.

"உங்க பேரன் வாயில நல்லெண்ணெயும் இட்லிப் பொடியும் மணக்குதுங்க. அதோ மொத ஆளா ஒக்காந்துகினு இருக்குதே எழில்மதி, அது உங்க தெருப் பொண்ணுதான்."

செல்லமுத்து எட்டிப் பார்த்தார். அவருடைய பங்காளி வீட்டுப் பெண்.

"அவங்க வூட்லயுமா?" குரல் இறங்கிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அடுப்பை அணைக்காத. அரிசி அனுப்பறேன்."

காலையில்தான் அரங்கநாதன் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்தியிருந்தார். நாய்க்கு மோப்ப அணுக்கள் கோடிக்கணக்கில், நமக்கு ஏதோ ஐம்பது லட்சம், அதற்கு முன்னால் நம் மூக்கு முகத்துக்கு அழகு, அவ்வளவுதான் என்று பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருந்தார்.

நாயும் சோறு இருக்கும் இடத்தைத்தான் தேடிப் போகும். சோறு போகாத வயிற்றைத் தேடுகிற மூக்கை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு அவளருகே போனார்.

"நீ பாட்டுக்கு நடத்து காசியம்மா."

அவள் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க சாப்ட்டீங்களா சார்?"

"ஆச்சு, ஆச்சு."

"அதுங்களும் அப்பிடித்தான் சார் சொல்லுச்சுங்க. ஒக்காருங்க," என்று எழில்மதிக்குப் பக்கத்தில் ஒரு தட்டை வைத்தாள் காசியம்மாள்.