சிங்கப்பூர் அக்கறை

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த பிரவுசிங் சென்டரில், ஏகாம்பரம் இணையத்து மூட்டுவாத நோயாளிகள் குழுவைத் திறந்து வேதனையைத் தட்டச்சு செய்தார்.

“காலையில் விரல்கள் மடங்கவில்லை. குடத்தைத் தூக்க முடியாமல் அழுதுவிட்டேன்.”

ஆறுதல்கள் வந்து குவிந்தன. சிங்கப்பூர்ப் பெண்மணி ஒருவர் உருகிப்போனார்.

“வீட்டில் உங்கள் வலியைப் புரிந்துகொள்கிறார்களா, ஐயா?”

“எங்கே அம்மா! நடிப்பு என்கிறார்கள். ஈரமில்லாத ஜென்மங்கள்!”

“அடப்பாவமே! வலி குத்துகிறதா, எரிகிறதா?”

ஏகாம்பரம் கொஞ்சம் யோசித்தார். “நாளைக்குச் சொல்கிறேன் அம்மா.”

கண் கலங்க எழுந்தவரைக் கடைக்காரர் கலைச்செல்வன் பார்த்துவிட்டார். “இன்னா சார், கண்ணு கலங்கிக்கினு கீது?”

“தூசுப்பா.”

வீட்டில் அடுப்பு எரியவில்லை. மனைவி தெய்வானை, மடங்காத விரல்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏகாம்பரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “காலைல கொடத்தைத் தூக்க முடியலன்னு அய்துக்கினு இருந்த. இப்ப இது வேறயா? நடிக்காம எய்ந்து சோத்த வடி!”

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். அப்போதுதான் நினைவு வந்தவராய் அவர் கேட்டார்:

“ஆமா, வலி குத்துதா, எரியுதா? கரெக்டா சொல்லு. சிங்கப்பூர்ல கேக்கறாங்க.”