வரலாற்றுத் துறையில் ஓர் இடம்

மிருதுளாவுக்கு அந்தப் பழைய பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்க இடம் கிடைத்திருந்தது. வகுப்புத் தொடங்கச் சில நாள் இருக்கையில் காய்ச்சலில் இறந்துபோனாள். இருந்தும் முதல் நாளன்று அவளுடைய அம்மா வனிதா பஸ் ஏறி வந்து, புதுப் பிள்ளைகளின் பெற்றோரோடு சேர்ந்துகொண்டாள். ஆக்னஸ் என்ற மூத்த மாணவி எல்லோருக்கும் வளாகத்தைச் சுற்றிக் காட்டினாள். பாதிரிமார் கட்டிய மணிக்கூண்டு, தேவாலயம், கல் தூண் வைத்த வகுப்பறைகள். நூலகத்துக்கு வந்ததும் வனிதா பின்தங்கினாள். ஜன்னலோர நாற்காலி ஒன்றை இழுத்துப் பார்த்தாள். நல்ல வெளிச்சம் விழுந்தது. ஆக்னஸ் அவளைத் தேடித் திரும்பி வந்தாள்.

"உங்க பொண்ணு என்ன மேஜர், ஆன்ட்டி?"

"ஹிஸ்டரிம்மா."

"அட, என் டிபார்ட்மென்ட்! பேரு?"

வனிதா சொன்னாள்.

"மிருதுளா," என்று ஆக்னஸ் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். "எங்க அவ?"

வீட்டில் இப்போது யாரும் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்வதில்லை. உண்மையைச் சொல்லிவிடத்தான் வனிதா வாயைத் திறந்தாள்.

"இங்கதான் எங்கயாவது சுத்திக்கிட்டிருப்பா."

"முதல் நாள் பயமா இருக்கும் ஆன்ட்டி. என்கிட்ட விட்டுடுங்க, நான் பார்த்துக்கறேன்."

"பார்த்துக்கம்மா," என்று அவள் கையைப் பிடித்த வனிதா, அப்புறம் விடவே இல்லை.