கடைசியாக வந்தவர்

வேல்ஸ் மலைகளில் நடைப்பயணம் கூட்டிப்போகும் எலெரியை எங்கள் ஊரில் சிடுமூஞ்சி என்பார்கள். காரணம் இருந்தது. அவள் கணவன் எம்ரிஸ் ஆட்டுவேலிக் கதவை ஒருநாளும் சாத்தியதில்லை. அந்தச் சண்டையில்தான் போன வருடம் கோபித்துக்கொண்டு மூடுபனியில் மலையேறினான். இன்னும் இறங்கவில்லை.

இன்று பண்ணைக்காரர் மெய்ரிக் தன் ஆட்டுவேலியருகே அவளை வழிமறித்தார்.

"இனி ஒரு தடவை கதவு திறந்து கிடந்தா, உன் கூட்டத்துக்கு இங்க வழி கிடையாது, பொண்ணே! பொழப்புக்கு வேற மலையைப் பாரு."

கடைசியில் வருபவர்தான் கதவைச் சாத்தவேண்டும். கடைசியில் வந்தவர் ஒரு பல் மருத்துவர்.

"சாத்தினீங்களா இல்லையா?" என்று சீறினாள் எலெரி.

"எனக்குப் பின்னால வந்தவர் சாத்திட்டாரும்மா. நீலக் கயித்தால வேற கட்டினாரு."

பின்னால் யாருமில்லை. கதவில், எம்ரிஸ் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் அதே நீலக் கயிறு மட்டும் இறுக்கமாக இருந்தது.

"வீட்ல இருந்தப்ப ஒரு கதவையாவது சாத்தினியாடா, பாவி!" என்று மலையைப் பார்த்துக் கத்தினாள். கூட்டம் காது கேட்காததுபோலத் தேநீர் குடித்தது.

எவ்வளவு திட்டினாலும், அவனுக்காகத் தன் வீட்டுப் பின்கதவை அவள் தாழிடுவதில்லை. சாயங்காலம் வந்து அதைத் தள்ளினாள். விரலளவே திறந்தது. உட்பக்கம் நீலக் கயிறு கட்டியிருந்தது.