கோரையோரம்

நவம்பர் 8, சனி.

இன்று ஒரு சிறு தவறு. ஏரியின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் தண்ணீர் அசையவே இல்லை. கோரைப்புல் ஓரமாக மட்டும் செம்பழுப்பாக ஒரு திட்டு. முறம் அளவு இருக்கும். தூறல் விழுவதுபோல் பொடிப்பொடியாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

மழை இல்லை.

தூண்டிலில் கட்டிய ரப்பர் தவளையை அதன்மேல் வீசினேன்.

எருமை ஓட்டிவந்த கன்னியப்பன் வழக்கம்போல நின்று பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, இன்னிக்கும் தவளைய குளிப்பாட்ட வந்துட்டியா?"

தலையை மட்டும் ஆட்டினேன். கம்பெனியில் காதடைப்பான் மாட்டிக்கொண்டு வேலை. கூட இருந்த பிரமிளா கல்யாணமாகிப் போனபின் அறையிலும் பேச்சில்லை. வாய் பழக்கம் விட்டுப்போகிறது.

தவளையை வீசுவது சுலபம். அதன்பின் சும்மா இருப்பதுதான் எனக்கு வருவதில்லை.

விரால் அடிக்கும்போது தண்ணீர் வெடிக்கும். அப்போது இழுக்கக் கூடாது. மீன் தவளையை வாய்க்குள் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். கம்பில் கனம் தெரிய வேண்டும். அதுவரை கை காத்திருக்க வேண்டும்.

என் கை காத்திருந்ததே இல்லை. சத்தம் கேட்டதும் இழுத்துவிடும். வெறும் தவளை பறந்து வந்து காலடியில் விழும்.

இன்றும் விழுந்தது.

மறுபடி வீசினேன். மறுபடி அடித்தது. மறுபடி விட்டேன்.

ஆனால் அது போகவில்லை. தவளை தண்ணீரைத் தொட்டதுமே வந்தது. எத்தனை முறை தவறவிட்டாலும் வந்தது.

என்னைத் தேடித்தான் வருகிறது என்று நினைத்தேன். நினைத்ததை அப்படியே எழுதுகிறேன்.

அடுத்த முறை கை காத்திருந்தது.

*

முழங்கை நீள விரால். அறைக்குக் கொண்டுவந்து பக்கெட்டில் விட்டு மூடினேன். விரால் எளிதில் சாகாது. மேலே வந்து ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு கீழே போகும். ஒவ்வொரு தடவையும் சின்னதாக ஒரு சத்தம்.

அறையில் இன்னொருவர் இருக்கும் சத்தம்.

தூண்டில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டேன். அங்கே என் பெயர் ஒற்றை எழுத்து. நான் பெண் என்பது யாருக்கும் தெரியாது.

"செம்ம ப்ரோ!"

"மீன விட உங்க கட்டவிரல் பெருசா இருக்கே ப்ரோ."

"எந்த ஏரி ப்ரோ?"

கடைசியாகக் கேட்டவர் இம்தியாஸ்.

குழுவில் யார் கேட்டாலும் சொல்லமாட்டார்கள். மீன் கிடைத்த இடத்தை வெளியே விடுவதில்லை. அது அவர்களுக்குள் ஒரு வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் தூண்டிலோடு நிற்கும் இடத்தில் மற்றவர் வீசுவதில்லை.

நான் ஏரியின் பெயரைச் சொன்னேன். கோரையோரம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"செவப்பா, தண்ணி கொதிக்கிற மாதிரி இருந்துச்சா?"

"ஆமா."

"அது குஞ்சு ப்ரோ. குஞ்சு மேல எது விழுந்தாலும் பாய்ஞ்சு அடிக்கும். பசியே வேணாம். ஜோடியாத்தான் காவல் நிக்கும், இன்னொண்ணு அங்கயேதான் இருக்கும். காலைல ஆறு மணிக்கு நாங்க மூணு பேர் வர்றோம். நீங்களும் வாங்க ப்ரோ, சேர்ந்து போடலாம்."

கடைசி வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அதற்கு முந்தியவற்றைப் பிறகுதான் படித்தேன்.

பக்கெட்டில் அந்தச் சத்தம்.

*

மாலையில் வழக்கமாகப் போகும் கணக்கு வகுப்பு. போகவில்லை.

பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்திலிருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

கன்னியப்பன் எருமைகளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"காலைல புடிச்சத சாயங்காலம் கொண்டாந்து வுடுற. வாடகைக்கா எடுத்துனு போன?"

சிரித்துவிட்டேன். என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது.

கோரையோரம் பக்கெட்டைச் சாய்த்தேன். விரால் கரையை ஒட்டியே கிடந்தது. வாயோரம் தூண்டில் முள் குத்திய இடம் வெளுத்திருந்தது. வால் ஒருமுறை அசைந்தது.

போய்விட்டது.

செம்பழுப்புத் திட்டைத் தேடினேன். காலையில் இருந்த இடத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி, கோரைக்குள், இருந்தது. இப்போது முறம் அளவு இல்லை. சாப்பாட்டுத் தட்டு அளவு.

வெளிச்சம் குறைந்ததால் அப்படித் தெரிந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

விரால் அங்கே போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரியவில்லை.

கரையில் நின்றபடியே குழுவில் எழுதினேன்.

வராதீங்க.

அழித்தேன்.

அங்க இப்ப மீன் இல்ல.

அழித்தேன். நம்பமாட்டார்கள்.

கடைசியில் அனுப்பியது ஒரு சொல்தான். "வாங்க."

*

நாளை: ஐந்தரைக்குள் கோரையோரம் போய்த் தூண்டிலோடு நிற்க வேண்டும். தூண்டில் நரம்பில் தவளை, முள் எதுவும் கட்ட வேண்டாம். அவர்கள் கிளம்பும்வரை நகரக் கூடாது.

ஃபிளாஸ்க்கில் டீ. நாலு பேருக்கு.